பொருந்தவில்லை என்று நான் சொன்னது

கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு நான் எழுந்து போனதற்குக் காரணம் தலைவலி இல்லை. “அப்பா, உங்களுக்குத் தெரியாம நான் டெஸ்ட் எடுத்தேன். என் கிட்னி உங்களுக்கு ஒத்துப்போகுதுன்னு சொல்லிட்டாங்க” என்று போனைத் திருப்பி ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினாய். உன் முகம் பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. அம்மா கடையென்றும் பார்க்காமல் அழ ஆரம்பித்தாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவன், பின்வாசல் வழியாக வெளியே வந்து, எங்கே போகிறோம் என்று தெரியாமல் வெயிலில் நடந்தேன். நீங்கள் இருவரும் எத்தனை தடவை போன் அடித்தீர்களோ, நான் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து தலைவலி என்றேன். நீ செமினியில் இருக்கும் உன் வீட்டுக்குக் கிளம்பிப் போனாய். கார் சாவியை எடுத்தவன் வாசலில் ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தாய். கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை.

இந்த ஒரு வாரமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டயாலிசிஸ் நாளில் மட்டும் நான்கு மணி நேரம் நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி உட்காருகிறேன். மற்ற நேரமெல்லாம் இந்த ஃபிளாட்டின் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். நேரில் சொல்லிப் பார்க்கலாம் என்று உன் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன். நேரில் சொன்னால் நடுவில் நீ “பரவால்லப்பா” என்று சொல்லிவிடுவாய். உன் சுபாவம் அப்படி. அந்த வார்த்தையைக் கேட்டால் நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படித்த பிறகு பேசு.

உன் கிள்ளான் பெரியப்பாவைப் பற்றி உனக்கு என்ன நினைவிருக்கிறது? ஐஸ் கட்டி நிச்சயம் நினைவிருக்கும். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அவருக்குத் தண்ணீர் அளவோடுதான். நீ அவர் வீட்டுக்குப் போனால் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரே ஒரு ஐஸ் கட்டியைக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பாய். “இன்னொண்ணு எடுத்துட்டு வாடா, ஒங்கப்பன் பாக்கிறதுக்குள்ள” என்பார். நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய். ஆனால் உனக்கு விவரம் தெரியும் முன்பிருந்த அவரை உனக்குத் தெரியாது. எங்கள் அப்பா இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு லோரிக்கு உதவியாளாகப் போனார், பிறகு கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். நானும் உன் ரவாங் அத்தையும் படித்தோம். நான் டெக்னிக்கல் படித்து ரயிலில் சிக்னல் வேலைக்குப் போனது அவர் விட்ட படிப்பால்தான். அதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபப்படவாவது வழி இருந்திருக்கும்.

உனக்கு ஆறு வயதாகும்போது அவருடைய இரண்டு கிட்னியும் போய்விட்டன. கூடப் பிறந்தவர்கள் யாராவது கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அத்தைக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று மாதம். நான் போய் ரத்தம் கொடுத்தேன். பல மாதம் பல டெஸ்ட். எல்லாம் முடிந்து ஒரு சீன டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மலாயில் மெதுவாகப் பேசினார். உங்களுடையது நன்றாகப் பொருந்துகிறது என்றார். பிறகு, “உங்களுக்கு முழுச் சம்மதமா? இல்லையென்றால் இப்போதே சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. நீங்கள் தானம் கொடுக்கத் தகுந்தவர் இல்லை என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லுவோம். இந்த அறையில் பேசியது இந்த அறையோடு” என்றார்.

நான் இல்லை என்று சொன்னேன், கதிர்.

என்னுடையது பொருந்தியது. நான்தான் கொடுக்கவில்லை. இருபத்து மூன்று வருஷமாக இது உன் அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயமாக இருந்தது.

ஏன் என்று கேட்பாய். அந்த மாதங்களில் எனக்குள் நான்கு பேர் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உன்னை வளர்த்தவர், நீ கடன்பட்டவன், கொடு என்றது ஒன்று. உன் உடம்பு உன்னுடையது, அதைக் கேட்க அண்ணனுக்கும் உரிமையில்லை என்றது இன்னொன்று. வேலையிடத்து நண்பர் ஒருவர் அதையேதான் அடித்துச் சொன்னார். உனக்கு ஆறு வயதுப் பிள்ளை இருக்கிறான், அவன்தான் முதலில் என்றது மூன்றாவது. அது உன் அம்மாவின் குரல். ஒருவருக்கு ஒரு தழும்பு, அதனால் இரண்டு பேர் உயிரோடு இருப்பார்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றது நான்காவது. ஒவ்வொரு நாளும் ஒன்று சரியாகப் பட்டது. காலையில் வேலைக்குப் போகும்போது கொடுப்பது என்று முடிவெடுப்பேன். சாயங்காலம் திரும்பும்போது உன் ஸ்கூல் பையைப் பார்த்துவிட்டுக் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுப்பேன். எது நியாயம் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அன்று நான் கொடுக்காமல் இருந்தது தவறு என்று யாராவது நிரூபித்துக் காட்டினால் எனக்கு ஒருவகையில் நிம்மதியாக இருக்கும்.

ஆனால் ஒன்று தெரியும். நான் அந்த நான்கையும் எடை போடவே இல்லை. காய்கறிப் பாசாரில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துப் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு நியாயத்தையும் ஒடித்துப் பார்த்தேன்; எனக்கு வாகாக ஒடிந்ததைக் கூடையில் போட்டுக்கொண்டேன். கடைசி டெஸ்டுக்குப் போன அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, டிரிப் கம்பியைத் தள்ளியபடி அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார். தம்பிக்குக் கொடுத்தவராம். அவரைப் பார்த்ததும் நான் சுவரோரமாக ஒதுங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முடிவு அங்கேதான் ஆனது. உன் பெயரும் ஸ்கூல் பையும் அதற்குப் பிறகு நான் போட்டுக்கொண்ட சட்டை. பயந்தேன். அவ்வளவுதான். பயப்படுவது குற்றமா என்பதும் எனக்குத் தெரியாது.

அதற்கு மேல் நான் செய்ததுதான் என்னைத் தூங்கவிடாதது. டாக்டர் சொன்னபடி ஆஸ்பத்திரியில் “தகுந்தவர் இல்லை” என்று மட்டும்தான் சொன்னார்கள். குடும்பத்தார் நெருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தவிக்கிறவர்களுக்கு அந்த ஏற்பாடு பெரிய உதவி, அதை நான் குறை சொல்லவில்லை. என் அண்ணன் என்னை நெருக்கவே இல்லையே. நான் கிள்ளானுக்குப் போய், அவர் கேட்பதற்கு முன்பே, “அண்ணே, டிஷ்யூ ஒத்துப்போகலையாம். ரத்தம் ஒண்ணா இருந்தும் உள்ளுக்குள்ள வேற மாதிரியாம்” என்று விளக்கமெல்லாம் கொடுத்தேன். அவர் என் தோளில் கை போட்டார். “விடுறா. நீ வந்து ஊசி குத்திக்கிட்டியே, அது போதும்லா. சீக்காளி நானா நீயா? மூஞ்ச ஏன் இப்படி வச்சிருக்க?” என்று எனக்குத் தைரியம் சொன்னார். பிறகு எந்தக் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம், “என் தம்பி. எனக்குக் கிட்னி குடுக்கத் தயாரா நின்னவன். நமக்குத்தான் குடுத்து வைக்கல” என்று அறிமுகப்படுத்துவார். ஏழு வருஷம் அதைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொள்வேன். அதையும் அடக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் இறந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது உன் ரவாங் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சின்னண்ணே, எனக்கு ஒண்ணு மனச அரிச்சுக்கிட்டே இருக்கு. பிள்ளை கொஞ்சம் பெருசானதும் நான் போய் டெஸ்ட் எடுக்கலாம்னு இருந்தேன். உங்களோடதே சேரலன்னதும் என்னோடது எங்க சேரப்போகுதுன்னு விட்டுட்டேன். போய்ப் பார்த்திருக்கலாம்ல?” என்று கேட்டாள். ஒருவருடையது சேராவிட்டாலும் இன்னொருவருடையது சேரலாம் என்று எனக்குத் தெரியும். அந்த டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். “சேர்ந்திருக்காதும்மா, மனசப் போட்டுக் குழப்பிக்காதே” என்றேன். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, நான் என் கதவை மட்டும் சாத்தவில்லை. அவள் கதவையும் சேர்த்துச் சாத்தியிருக்கிறேன். அவள் கொடுத்திருப்பாளா, அது பொருந்தியிருக்குமா, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அடைத்தது நான்.

உனக்கு ஒன்பது வயதில் ஒரு கணக்குப் பரீட்சைத் தாளைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லி, அதைக் கிழித்துச் சாக்கடையில் போட்டிருந்தாய். நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. “மார்க் குறைஞ்சா திட்டு வாங்கிட்டுப் போ, பொய் சொல்லாதே” என்று பெரிய யோக்கியன் மாதிரி பேசினேன். நீ அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாய். அந்த வாரமும் நாம் கிள்ளானுக்குப் போனோம், நீ பெரியப்பாவுக்கு ஐஸ் கட்டி கொடுத்தாய். அப்போது நான் எந்த முகத்தோடு அங்கே நின்றேன் என்று இப்போது நினைத்தாலும் புரியவில்லை.

சிக்னல் வேலையில் எங்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். ஒயர் அறுந்தாலும் கரண்ட் போனாலும் விளக்கு சிவப்புக்குத்தான் விழ வேண்டும். முன்னால் தண்டவாளம் காலியா இல்லையா என்று தெரியாதபோது வண்டி நிற்பதுதான் பத்திரம். எது சரி என்று தெரியாதபோது வாழ்க்கையிலும் அப்படியே நின்றுவிடலாம் என்று நான் நம்பினேன். கொடுக்காமல் இருப்பது ஒன்றும் செய்யாமல் இருப்பது, அதில் தவறு குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரயிலில் நின்ற வண்டிக்குள் இருப்பவர்களுக்கு நேரம் போகும், அவ்வளவுதான். என் அண்ணனுக்குப் போனது உயிர். சும்மா நிற்பதும் ஒரு முடிவுதான், அதன் பாரத்தை வேறொருவர் சுமக்கிறார் என்பது எனக்குப் புரிய இவ்வளவு காலம் ஆயிற்று.

புதன்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்து ரவாங் போனேன். அத்தை சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கழுவின மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, “இப்ப எதுக்குச் சொல்றீங்க?” என்று கேட்டாள். “உண்மை தெரியணும்ல” என்றேன். “யாருக்கு? உங்க மனசு லேசாகணும், அதுக்கு என் மனசுல கொண்டாந்து கொட்டுறீங்க. பத்து வருஷத்துக்கு மேல நான் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். இனிமே உங்களையும் சேர்த்துத் திட்டணும். அவ்வளவுதானே வித்தியாசம்?” என்றாள். நான் கிளம்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்து, “கதிர்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்றாள். இல்லை என்றேன். “மொதல்ல அவன்கிட்ட சொல்லுங்க. அவன் ஆப்பரேஷனுக்குப் படுக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. நான் போய்ச் சொன்னது சரியா என்பதும் எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் கழுவிப் போய்விடும் என்று எதிர்பார்க்காதே. அப்படி நடக்கவில்லை.

உன் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு வேண்டாம் என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதவள், இப்போது “பிள்ளை மனசாரக் குடுக்கிறான், வாங்கிக்க வேண்டியதுதானே” என்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அன்னைக்குப் பிள்ளைதான் முக்கியம்னு சொன்ன. இன்னைக்கு அதே பிள்ளைய வெட்டச் சொல்றியா?” என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்து, “அன்னைக்கும் நீங்க எனக்கு வேணும்னுதான் சொன்னேன். இன்னைக்கும் அதேதான் சொல்றேன். நான் எங்க மாத்திப் பேசினேன்?” என்றாள். அவள் சொன்னது உண்மை. எனக்குள் பேசிய நான்கு பேரிலும் இப்படி ஒருவர் பேசவில்லை. அவளை நீ தப்பாக நினைக்காதே.

வியாழக்கிழமை டயாலிசிஸ் சென்டருக்கு நளினி வந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்க, மாமனாராகப் போகிறவனைப் பார்க்கத் தனியாக வந்த பெண். கையில் குழாய் சொருகியிருக்க, எழுந்து உட்காரக்கூட முடியவில்லை என்னால். கொஞ்ச நேரம் கல்யாணப் பத்திரிகை பற்றிப் பேசினாள். பிறகு சட்டென்று, “அங்கிள், நான் வேணாம்னு சொல்ல வரல. எனக்குப் பயமா இருக்கு. அதச் சொல்ல எனக்கு உரிமை இருக்கா இல்லையான்னே தெரியல. அவரோட உடம்பு, அவரோட அப்பா. நடுவுல நான் யாரு?” என்றாள். “கதிர்கிட்ட சொன்னியாம்மா?” என்றேன். “சொன்னா சுயநலம்னு நினைச்சுட்டா?” என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுயநலம் இல்லை, பயம் வேறு, அதை அவனிடம் சொல்லாமல் இருந்தால்தான் நாளைக்கு அது வேறு ஏதாவது பேரில் வரும் என்று சொன்னேன். அவள் வந்ததை உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அவளிடம் நீயாகவே கேள். அவள் வாயால் கேள்.

நீ என்னிடம் எப்போதாவது “எது சரிப்பா?” என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துவைக்க இந்த வாரம் முழுதும் முயன்றேன். கிடைத்தது இவ்வளவுதான். அன்று எனக்குள் பேசிய நான்கு நியாயங்களில் எது உயர்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த நான்கில் ஒன்றுகூட என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நன்றி பார்க்கிறவன் பொய் சொல்ல வேண்டியதில்லை. என் உடம்பு என்னுடையது என்கிறவன் அதை வெளிப்படையாகவே சொல்லலாம். பிள்ளைதான் முக்கியம் என்றால் அதை அண்ணனிடம் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். அவர் உன்னைத் தூக்கி வளர்த்தவர். பொய் என் முகத்துக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. எது சரி என்று தெரியாமல் நிற்கும்போது, எந்தப் பக்கத்து நியாயமும் கேட்காத ஒன்றை நாம் செய்கிறோமா என்று பார். அங்கேதான் நாம் ஒளிந்துகொண்டிருப்போம். அப்புறம், உன் முடிவால் வேறு யாருடைய கதவு மூடுகிறது என்றும் பார். எனக்கு இதை அப்போது சொல்ல ஆளில்லை என்று எழுத வந்தேன், அதுவும் பொய். இதைப் பற்றி நான் யாரையும் கேட்கவில்லை.

இப்போது உன் விஷயம். என் மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். பெரியப்பா மடியில் வளர்ந்த பிள்ளை நீ. அவருக்குக் கொடுக்காதவனுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால், அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கொடுத்தாலும் நான் வாங்கிக்கொள்வேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள், வாங்காமல் இருப்பதுதான் நான் அண்ணனுக்குச் செய்யும் பதில் என்று தோன்றுகிறது. மறுநாள், நான் என்னைத் தண்டித்துக்கொள்வதற்காக உன் அம்மாவைத் தனியாக விட்டுப்போவது என்ன நியாயம் என்று தோன்றுகிறது. இந்தத் தடவை நான் வெண்டைக்காய் பொறுக்கப் போவதில்லை. நீ முடிவு சொன்ன பிறகு, நீயும் நானும் அம்மாவும் நளினியும் ஒன்றாக உட்கார்ந்து சத்தமாகவே பேசுவோம். அத்தை கதவைத் திறந்தால் அவளும் வரட்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமை உன்னைத் தனியாகப் பார்க்க டாக்டர் ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் வரமாட்டேன். கதவைச் சாத்திவிட்டு, அன்று என்னிடம் கேட்ட அதே கேள்வியை உன்னிடமும் கேட்பார்கள். உனக்கு இஷ்டமில்லையென்றால் தாராளமாகச் சொல். நீ தகுந்தவன் இல்லை என்று எனக்குச் சொல்லி அனுப்புவார்கள், நானும் காரணம் கேட்க மாட்டேன். ஆனால் கதிர், அப்படி ஆனால், அதை ஆஸ்பத்திரிக்காரர்கள் வாயால் நான் கேட்கும்படி விடாதே. நீயே வீட்டுக்கு வந்து, “பயமா இருக்குப்பா, என்னால முடியாது” என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். நான் தாங்கிக்கொள்வேன். என் அண்ணனும் தாங்கியிருப்பார்.

உன் அப்பா